முதலில் மூடி, அப்புறம் பொட்டலம்

(வீட்டுப் பொருட்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, 38 வருடம் கேமரா பழுதுபார்த்து ஓய்வு பெற்ற நமது ‘கடைக்காரர்’ பதில் சொல்கிறார்.)

சென்ற இதழில் மழைக்கால ஈரத்தைப் பற்றி எழுதும்போது, செருப்புப் பெட்டியில் வரும், ஈரம் குடிக்கும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கி எறிய வேண்டாம் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. அரை பக்கம் எழுதிய கேஸ் அடுப்பு பர்னரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. சரி, இந்த முறை முழுக்கப் பொட்டலம்தான்.

கேள்வி: ஷூ, கைப்பை, தண்ணீர் பாட்டில் என்று எதை வாங்கினாலும் உள்ளே வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களை இரண்டு வருடமாகச் சேர்த்துப் பட்டுப்புடவை பீரோவில் போட்டு வைத்திருக்கிறேன். இருபதுக்கு மேல் இருக்கும். ஆனாலும் ஐப்பசி பிறந்தால் பீரோவைத் திறந்ததும் பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கிறது. பொட்டலம் வேலை செய்யவில்லையா, நான் செய்தது தப்பா?
— வாசகி, கும்பகோணம்

பொட்டலம் வேலை செய்ததம்மா. ஆனால் நீங்கள் போட்ட முதல் நாளே செய்து முடித்துவிட்டது. கடையிலிருந்து உங்கள் பீரோவுக்கு வந்து சேர்வதற்குள் பாதி வேலை முடிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஒரு கணக்குப் போடலாம். செருப்புப் பெட்டியில் வருவது பெரும்பாலும் ஒரு கிராம், இரண்டு கிராம் பொட்டலம். இருபது பொட்டலம் சேர்த்தால் 40 கிராம் என்று வையுங்கள். ஒரு பெட்டியை உருப்படியாக உலர்வாக வைக்க வேண்டுமென்றால், சிலிகா ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைப் பிடிக்கும் என்று எண்ணிக்கொள்வது நல்லது. அதாவது 8 கிராம். உங்கள் பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால், ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் ஒரு மழை நாளில் அதற்குள் அடைபட்ட காற்றில் மட்டுமே ஏறத்தாழ 18 கிராம் தண்ணீர் இருக்கும். ஒருமுறை கதவைத் திறந்து மூடினால் அந்தக் காற்று போய்ப் புதுக்காற்று, புது 18 கிராமோடு வந்து உட்காரும். இது காற்றின் கணக்கு. துணிக் கணக்கு இன்னும் பெரியது. பட்டு, தன் எடையில் பத்தில் ஒரு பங்கு ஈரத்தை எப்போதும் சுமந்துகொண்டிருக்கும். 700 கிராம் புடவை என்றால் அதற்குள்ளேயே 70 கிராம் தண்ணீர். அதில் தவறில்லை, பட்டின் குழைவே அந்த ஈரத்தில்தான் இருக்கிறது. ஆனால் நாற்பது புடவை அடுக்கிய பீரோவில் எட்டு கிராம் குடிக்கும் பொட்டலம் என்ன செய்துவிடும்? காவிரியில் கரண்டி போட்டு இறைத்த மாதிரிதான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நிறைந்துபோன பொட்டலம் சும்மா இருக்காது. வெளியே காற்று உலர்ந்தாலோ, பெட்டி சூடானாலோ குடித்ததைத் திருப்பிக் கக்கும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஆசைப்பட்டு வாங்கிய 135 எம்.எம். லென்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. தோல் உறைக்குள் வைத்து, கூடவே ஒரு பெரிய பொட்டலத்தையும் போட்டு, பத்திரமாகப் பரணில் ஏற்றிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து எடுத்தால் உள் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. தோல் உறை ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், நிறைந்த பொட்டலம் அதற்குத் துணை. நனைந்த சாக்கைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காவல் வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஊரார் கேமராவுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவன் வீட்டில் நடந்த கதை இது.

ஆகவே பீரோவிலிருந்து அத்தனையையும் எடுத்துவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் நகர்த்திப் போடுங்கள். மழை விட்டு நல்ல வெயில் அடிக்கும் நாளில், காலை பதினொரு மணிக்கு மேல், இரண்டு கதவையும் திறந்து வைத்து மின்விசிறியைச் சுழல விடுங்கள். புடவைகளை நிழலில் உதறி ஆற்றி, மடிப்பை மாற்றி மடித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பொட்டலத்துக்கு வேலை வேண்டுமென்றால் ரப்பர் வளையம் போட்ட மூடியுள்ள பெரிய டப்பாவில், வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் இரண்டு மூன்று கனத்த புடவையை வைத்து, அதில் 100 கிராம் காய்ந்த சிலிகா ஜெல்லைத் துணி முடிச்சாகப் போடுங்கள். ஜரிகையின் மேல் படாமல் ஓரமாக இருக்கட்டும்.

மூடி இறுக்கமாக இல்லாத எந்த இடத்திலும் பொட்டலத்தால் பயனில்லை. இனி வரும் பதில்களில் பாதி இதையேதான் சொல்லும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொட்டலங்களை மொட்டை மாடியில் வடாம் மாதிரி காயவைத்து மறுபடி பயன்படுத்துகிறேன். இது போதுமா?
— வாசகர், பெரம்பூர்

போதாது. வடாமில் இருக்கும் தண்ணீர் வெளியே போகத் துடித்துக்கொண்டிருப்பது. இதில் இருக்கும் தண்ணீர் உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பது.

பொட்டலத்துக்குள் உருளும் அந்தச் சின்ன மணி என்ன என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். பெயரில் ஜெல் இருந்தாலும் அது கெட்டியான பொருள். மணலின் ஒன்றுவிட்ட தம்பி. சோடியம் சிலிகேட்டோடு அமிலம் சேர்த்துக் கூழாக்கி, கழுவி, உலர்த்தி எடுக்கிறார்கள். உலரும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் எண்ணிலடங்காமல் விழுந்துவிடுகின்றன. ஒரே ஒரு கிராம் மணிக்குள் இருக்கும் துளைச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 700 சதுர மீட்டர் வரும். நம்ம ஊர்க் கணக்கில் மூன்று கிரவுண்டு! அந்தச் சுவர்களில்தான் ஈரம் போய் ஒட்டுகிறது. அதனால்தான் நிறைந்த மணியும் கைக்கு உலர்வாகவே இருக்கும், உப்பாது, கசியாது, பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் வால்டர் பேட்ரிக் 1919இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடியில் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பென்சிலின் மருந்தை ஈரம் படாமல் காத்தது. இப்போது செருப்புப் பெட்டியில் கிடக்கிறது.

ஒட்டிய ஈரத்தைக் கழற்ற 120 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சித்திரை வெயிலில் மதுரையிலோ திருச்சியிலோ இரும்புத் தகட்டின் மேல் பரப்பினால் கொஞ்சம் போகும். பெரம்பூரில், கடல் காற்று அடிக்கிற மாலை நேரத்தில், காய வைத்ததைவிட அதிகமாகக் குடித்துவிட்டுக் கீழே வரும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பொட்டலத்தோடு சூடு பண்ண மாட்டேன். சில உறைகள் காகிதம், சில பிளாஸ்டிக் கலந்தவை, உருகி ஒட்டிக்கொள்ளும். கத்தரித்து மணிகளைக் கொட்டிவிடுவேன். வீட்டில் ஓ.டி.ஜி. என்கிற, கேக் சுடும் மின்சார அடுப்பு இருந்தால் தட்டில் அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, 120 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். அது இல்லாதவர்கள் சமையலுக்கு எடுக்காத பழைய இரும்புச் சட்டியை மிகச் சிறிய தீயில் வைத்து, ரவை வறுப்பது போலக் கிளறிக்கொண்டே இருங்கள். அவ்வப்போது மேலே ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் பிடித்துப் பாருங்கள். தட்டு வியர்க்கும். வியர்ப்பது நின்றதும் இறக்கிவிடலாம். அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இறக்கிய பிறகுதான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள். ‘ஆறட்டும்’ என்று திறந்தே வைத்தால், ஆறுகிற நேரத்தில் மறுபடி ஈரம் குடித்துக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டில் உலர்ந்த கண்ணாடி ஜாடியில் கொட்டி மூடிவிட வேண்டும். அப்புறம் நிதானமாக எடுத்துப் பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டிக்கொள்ளலாம். என்னிடம் ஃபிலிம் ரோல் வந்த கறுப்பு டப்பிகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. அந்த மூடியைப் போல இறுகப் பிடிக்கும் மூடியை இன்றுவரை வேறெதிலும் பார்க்கவில்லை. உலர்ந்த மணியைச் சேமிக்க அதுதான்.

மைக்ரோவேவில் வைக்கலாமா என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் வைப்பதில்லை. ஈரம் நிறைந்த மணி சடக்கென்று வெடித்துத் தெறிக்கும். சந்தேகமிருந்தால் நன்றாகக் காய்ந்த நாலு மணியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், படபடவென்று பிளக்கிற சத்தம் கேட்கும். ஈரம் அவசரமாக உள்ளே போனாலும் வெடிக்கும், அவசரமாக வெளியே வந்தாலும் வெடிக்கும்.

கேள்வி: என் பொட்டலங்களில் சிலவற்றில் நீல மணி இருக்கிறது, சிலவற்றில் ஆரஞ்சு. இரண்டும் ஒன்றா?
— வாசகர், ஈரோடு

வேலை ஒன்று, சாயம் வேறு. நீலம் ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். ஆரஞ்சு, ரகத்தைப் பொறுத்துக் கரும்பச்சையாகவோ நிறமற்றோ போகும். எப்போது வறுக்க வேண்டும் என்று மணியே சொல்லிவிடும், அதுதான் வசதி. நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு. ஐரோப்பிய ஒன்றியம் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கையால் அளையாதீர்கள், சமையலறையில் வறுக்காதீர்கள், அதன் தூளை மூச்சில் ஏற்றாதீர்கள். புதிதாக வாங்குவதென்றால் ஆரஞ்சு வாங்குங்கள். 150 டிகிரிக்கு மேல் போனால் எந்தச் சாயமும் கருகிவிடும். மணி அப்போதும் ஈரம் குடிக்கும், ஆனால் பேச்சு வராது.

சாயமில்லாத வெள்ளை மணிக்கு எடைதான் வழி. நகை நிறுக்கும் சின்னத் தராசு இப்போது எல்லோரும் வாங்குகிறார்களே, அதில் காய்ந்த முடிச்சை நிறுத்து, எடையைத் துணியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். 50 கிராம் முடிச்சு 60 கிராம் ஆனால் வறுக்க வேண்டிய நேரம்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை பொட்டலத்தைக் கடித்துவிட்டான். ‘தின்னாதே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் எதற்கு அவ்வளவு பெரிய எழுத்து?
— இளம் தாய், திருநெல்வேலி

ஓடியது சரிதான், வருத்தப்படாதீர்கள். சாயமில்லாத சிலிகா ஜெல் விஷமில்லை, வயிற்றில் கரையாமல் அப்படியே வெளியேறிவிடும். பயமெல்லாம் தொண்டையில் சிக்குவதுதான். ஆனால் எல்லாப் பொட்டலமும் சிலிகா ஜெல் இல்லை. கொட்டை எழுத்துக்கு அதுவும் ஒரு காரணம். இந்த ஒரு பதிலை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

குலுக்கினால் மணி உருளுகிற சத்தம் வந்தால் சிலிகா ஜெல். சாமான் பெட்டிகளில் வரும் கனமான, சாம்பல் நிறச் சரளை போன்றது களிமண் வகை. அதுவும் ஈரம் குடிக்கும், தொந்தரவில்லை. கேக், பிஸ்கட், உலர்பழ உறைகளில் வரும் தட்டையான பொட்டலத்துக்குள் கறுப்புத் தூள் இருந்தால் அது இரும்புத் தூள். அதன் குறி ஈரமில்லை, ஆக்சிஜன். உறையைப் பிரித்ததும் லேசாகச் சுடும், ஒருநாளில் துருப்பிடித்துக் கட்டியாகிவிடும். துருவைத் திருப்ப முடியாது என்பதால் இதை வறுத்து மறுபடி பயன்படுத்தும் பேச்சே இல்லை. குழந்தை இதைத் தின்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

நாலாவதுதான் வில்லன். வெளிநாட்டுக் கடற்பாசி அப்பளம், அரிசி பிஸ்கட் பாக்கெட்டுகளில் வெள்ளைத் தூளாகவோ சிறு கட்டிகளாகவோ வரும். அது சுட்ட சுண்ணாம்பு. நம் வீடுகளில் வெள்ளையடிக்கத் தொட்டியில் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றும்போது கொதித்துப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சரக்கு. எச்சில் பட்டாலே வாய் வெந்துவிடும். சில பிள்ளைகள் இதைத் தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டு மூடி விளையாடி, அது வெடித்துக் கண் கெட்டிருக்கிறது. கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு, அப்படியே கண் டாக்டரிடம் போங்கள். வாயில் போட்டால் வாயைக் கொப்பளிக்க வையுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எந்தப் பொட்டலமாக இருந்தாலும் மிச்ச உறையைக் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அதுதான் முதல் தகவல்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொட்டலத்தைச் சேர்க்காதீர்கள். குப்பைக்குப் போகட்டும்.

கேள்வி: மழைக்காலத்தில் முறுக்கு, அப்பளம் எல்லாம் நமுத்துப் போகிறது. சம்படத்தில் ஒரு பொட்டலம் போடலாமா? உப்பு ஜாடியிலும்?
— வாசகி, மயிலாடுதுறை

செருப்போடு படுத்திருந்ததை முறுக்கோடு படுக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. உணவுக்கென்று தயாரித்த பொட்டலம் தனியாக விற்கிறார்கள், அதைப் புதிதாக வாங்கிப் போடலாம். நீங்கள் வறுத்துத் துணியில் கட்டியதை உணவில் போட வேண்டாம், மணியின் தூள் கசியும்.

உண்மையில் முறுக்குக்குப் பொட்டலமே தேவையில்லை. பெரிய சம்படத்தை நாளுக்குப் பத்துமுறை திறப்பதுதான் நமுக்கக் காரணம். இரண்டு நாளைக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு பெரியதைத் தொடாமல் விடுங்கள். (எங்கள் வீட்டில் இந்தத் திட்டம் தோற்றுவிட்டது. சின்ன டப்பா ஒரே நாளில் காலியாகிறது.)

உப்பு வேறு விஷயம். சுத்தமான உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் நீர் விட ஆரம்பிக்கும். கல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே ஆரம்பித்துவிடும். உங்கள் ஊரில் ஈரப்பதம் 33க்குக் கீழே போகிற நாள் எது? ஆகவே கல் உப்புக்குப் பீங்கான் ஜாடியும் மரக்கரண்டியும்தான். தூள் உப்புக் குப்பியில் வறுத்த அரிசி நாலு போடும் பழக்கம் நல்ல பழக்கம்.

கேள்வி: போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அரிசிக்குள் புதைப்பதைவிட இந்தப் பொட்டலங்களுக்குள் புதைப்பது மேலா?
— வாசகர், புதுச்சேரி

அரிசி வேண்டவே வேண்டாம். அதன் தூளும் துகளும் சார்ஜ் ஓட்டைக்குள் போகும். 2024இல் ஆப்பிள் நிறுவனமே தன் பயனர்களுக்கு இதைச் சொன்னது. பொட்டலம் அரிசியைவிட மேல்தான், ஆனால் இரண்டாவது வேலை அது. முதல் வேலை, போனை அணைப்பது. சார்ஜ் போடாமல் இருப்பது. சிம் தட்டை உருவிவிட்டு, ஓட்டை கீழே பார்க்கும்படி தட்டித் தட்டி வடிப்பது, மின்விசிறிக் காற்றில் வைப்பது. அப்புறம் இறுக மூடும் டப்பாவில் 200 கிராம் உலர்ந்த மணி முடிச்சுகளோடு இரண்டு நாள். விழுந்தது கடல் தண்ணீர் என்றால் இதெல்லாம் செய்துகொண்டு காத்திருக்காதீர்கள். ஈரம் போனாலும் உப்பு உள்ளேயே தங்கிக் கம்பியைத் தின்னும். நேரே பழுதுபார்ப்பவரிடம் போய்க் கழுவச் சொல்லுங்கள். கடற்கரையில் விழுந்த கேமராக்களைத் துணியில் சுற்றிப் பத்திரமாக ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவருவார்கள். நான் திறக்கும்போது திருகாணி தலையோடு உதிரும்.

கேள்வி: அப்பாவுக்குக் காது கருவி வாங்கியிருக்கிறோம். மழைக்காலத்தில் கரகரக்கிறது.
— வாசகி, சேலம்

வியர்வையும் ஈரமும்தான். இதற்குப் பொட்டலத்தைப்போல் பொருத்தமான மருந்து வேறில்லை, ஏனென்றால் டப்பா சின்னது, இரவெல்லாம் திறப்பதில்லை. காது கருவிக்கென்றே உலர்த்தும் குப்பி விற்கிறார்கள், அதற்குள் இருப்பதும் சிலிகா ஜெல்தான். நீங்களே செய்வதென்றால் திருகு மூடிப் போட்ட சின்னப் பாட்டிலில் 20 கிராம் முடிச்சு, அதன் மேல் மெல்லிய துணி, அதன் மேல் கருவி. தூங்கப் போகும்போது துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கருவி சார்ஜ் போடுகிற ரகமென்றால் விற்றவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு ஒன்று: மாத்திரை பாட்டிலுக்குள்ளேயே குப்பி மாதிரி ஒன்று வருமே, அதை எடுத்து வேறு எதிலும் போடாதீர்கள், வேறு எதையும் அதற்குள் போடாதீர்கள். மாத்திரை தீருகிறவரை அது அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: என் தாத்தாவின் யாஷிகா கேமராவை எடுத்தால் லென்ஸில் வெள்ளை நூல் நூலாகத் தெரிகிறது. டப்பாவில் போட்டுப் பொட்டலம் வைத்தால் போய்விடுமா? இல்லை வெயிலில் வைக்கலாமா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தம்பி, முப்பத்தெட்டு வருடம் எனக்குச் சோறு போட்ட கேள்வி இது.

அந்த நூல்தான் பூஞ்சை. ஈரப்பதம் அறுபது அறுபத்தைந்துக்கு மேல், இருட்டு, காற்றோட்டமில்லாத இடம். இந்த மூன்றும் சேர்ந்தால் கண்ணாடியில் படிந்த தூசியையும் விரல் எண்ணெயையும் தின்று வளரும். பொட்டலம் அதை அழிக்காது, வளர்ச்சியை நிறுத்தும். வந்துவிட்டதைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும். சீக்கிரம் கொண்டுவந்தால் சுத்தமாகப் போய்விடும். வருடக்கணக்கில் விட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துத் தடம் பதித்துவிடும், பூஞ்சை போனாலும் தடம் போகாது. வெயிலில் லென்ஸை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மசகு உருகி ஷட்டர் இதழ்களில் பரவும். அப்புறம் எனக்கு இரண்டு வேலை.

அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் பொட்டலத்தை நம்பியதே இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் குண்டு பல்பை இரவும் பகலும் எரிய விடுவார்கள். பெயர்தான் ஜீரோ, மின்சாரக் கட்டணத்தில் அப்படித் தெரியாது. அந்த இளஞ்சூட்டில் அலமாரிக்குள் ஈரப்பதம் குறைந்துவிடும். இன்றைய எல்.இ.டி. பல்பில் அந்தச் சூடு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தோல் உறையைக் கேமராவிலிருந்து பிரித்துத் தனியே வையுங்கள் (என் 135 எம்.எம். ஞாபகம் இருக்கட்டும்). கேமராவைத் துடைத்து, ரப்பர் வளைய மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஐந்து லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் ஆரஞ்சு மணி தாராளம். கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று போடுங்கள், விலை ஒன்றும் அதிகமில்லை. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். முப்பதுக்குக் கீழே இறக்க வேண்டாம், ரப்பரும் மசகும் காய்ந்துவிடும். முக்கியமாக, வாரம் ஒருமுறை எடுத்து ஷட்டரை நாலு தடவை தட்டுங்கள். தாத்தா கேமரா பூஞ்சை பிடித்தது தாத்தா இல்லாததால்தான். அவர் இருந்தவரை அதை யாராவது தொட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

கேள்வி: வீணை உறைக்குள் போடலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். உறைக்கு இறுக்கமான மூடி இல்லை, பயன் இல்லை. அப்படியே உலர்த்தினாலும் பலா மரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வெடிக்கும்.

கேள்வி: மாடித் தோட்டத்தில் கத்தரி, வெண்டை, அவரை விதை எடுக்கிறேன். போன வருடம் டப்பாவில் போட்டு வைத்ததில் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. பொட்டலம் உதவுமா?
— வாசகர், திண்டுக்கல்

மிக நன்றாக உதவும். சொல்லப்போனால் லென்ஸுக்கு அடுத்து எனக்குப் பிடித்த உபயோகம் இதுதான், என் மருமகள் சொல்லித்தான் கற்றுக்கொண்டேன். விதை உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் பொருள். ஈரம் கூடினால் மூச்சு வேகமாகும், சேமித்த சக்தி சீக்கிரம் தீரும். வெயிலில் சுள்ளென்று காயவைத்தாலோ சூட்டில் சாகும். சூடில்லாமல் காயவைக்கத்தான் சிலிகா ஜெல்.

நிழலில் நாலைந்து நாள் ஆற்றிய விதையைக் காகித உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதுங்கள். விதை எவ்வளவு எடையோ அதே எடைக்கு உலர்ந்த மணியை ஒரு கண்ணாடி பாட்டிலின் அடியில் கொட்டி, மேலே உறைகளை வைத்து, இறுக மூடி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் உறைகளை வேறொரு உலர்ந்த பாட்டிலுக்கு மாற்றி, ஒரு சின்ன முடிச்சோடு மூடி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். வெண்டை, அவரை இரண்டையும் ஒரு வாரத்துக்கு மேல் மணியோடு விடாதீர்கள். அதிகமாகக் காய்ந்தால் தோல் கல்லாகி, விதைக்கும்போது தண்ணீரை உள்ளே விடாது. ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், வெளியே எடுத்ததும் திறக்காமல் பாட்டில் அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். இல்லையென்றால் பாட்டில் வியர்த்து, நீங்கள் செய்த அத்தனையும் ஒரு நிமிடத்தில் வீண்.

சாம்பல் கலந்து மண்பானையில் கட்டி வைத்த பாட்டிமார்களும் இதைத்தான் வேறு வழியில் செய்தார்கள்.

கேள்வி: அலமாரியில் தொங்கவிடும் பை ஒன்று வாங்கினேன். மேலே வெள்ளைக் கட்டி, கீழே தண்ணீர் சேர்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கட்டி திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், கொடைக்கானல்

கிடைக்கும், ஆனால் செய்யாதீர்கள். அது கால்சியம் குளோரைடு. பொட்டலத்தைவிடப் பல மடங்கு குடிக்கும், கொடைக்கானல் மூடுபனிக்குச் சரியான ஆள்தான். ஆனால் அந்தத் தண்ணீர் பாத்திரத்தை அரிக்கும், கொதித்துத் தெறித்தால் தோலைப் புண்ணாக்கும், தோல் பையிலோ பட்டிலோ சிந்தினால் கறை போகாது. பை நிறைந்ததும் ஓட்டை விழாமல் எடுத்துக் கழிவறையில் நிறையத் தண்ணீரோடு ஊற்றிவிட்டுப் புதியது வாங்குங்கள். அதற்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் எதுவும் வேண்டாம்.

கேள்வி: எத்தனை தடவை வறுத்து வறுத்துப் பயன்படுத்தலாம்?
— வாசகர், ஆவடி

எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. எண்ணெய், புகை, சமையல் ஆவி படாமல், கருகாமல் பார்த்துக்கொண்டால் நீண்ட நாள் வரும். துளைகள் அடைபட்டால்தான் ஆயுள் முடியும். என்னிடம் ஒரு ஜாடி வெள்ளை மணி 1994இல் வாங்கியது. கடையை மூடியபோது ஸ்குரூடிரைவர் செட்டையும் அதையும் மட்டும்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். வருடத்துக்கு இரண்டு முறை, புரட்டாசியில் ஒன்று, தையில் ஒன்று, வறுப்பேன். போன புரட்டாசியில் வறுத்து, தட்டில் கொட்டிவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனேன். திரும்பி வந்தால் தட்டு காலி. ஜவ்வரிசி என்று நினைத்து வீட்டம்மா பாயச டப்பாவில் எடுத்துப் போட்டிருந்தார். ஜவ்வரிசி அரைக் கிலோ, மணி கால் கிலோ, இரண்டும் கலந்து கிடந்தது. உட்கார்ந்து பொறுக்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஜவ்வரிசியைத் தியாகம் செய்துவிட்டு மொத்தத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டேன். மணிகளில் பாதி படபடவென்று வெடித்தது, மீதியைச் சல்லடையில் அலசி மறுபடி வறுத்து வைத்திருக்கிறேன். இப்போது ஜாடியின் மேல் சிவப்பு மையில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது, என் கையெழுத்தில் அல்ல.